இருமலுக்கு வந்தவனின் சூட்டுக்கட்டி

திருத்தணியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு 'எக்ஸ்ரே பாய்'. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கேஸைச் சொல்கிறேன்.

தாமு பவர்லூம் ஓட்டுகிறவன், வயது இருபத்தைந்து. இருமல் விடவில்லை என்று மார்புப் படம் எடுக்க வந்தான். எடுத்த படத்தைப் பார்த்தேன். இரண்டு நுரையீரலிலும் சின்னதும் பெரிதுமாக வெள்ளை உருண்டைகள். உடம்பில் வேறெங்கோ முளைத்த கட்டி பரவினால் இப்படித்தான் தெரியும். எங்கள் சென்டர் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் தாமுவை உள்ளே கூப்பிட்டு, "விதையில வீக்கம், கட்டி ஏதாவது இருக்கா தம்பி?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்று லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதிலேயே தெரிந்துவிட்டது. வெளியே தள்ளிக்கொண்டு போய் மிரட்டினேன்.

"சூட்டுக்கட்டி பாய். நாள் முழுக்க தறியாண்ட நின்னுகினே கீறேன் இல்ல? தொப்புள்ல வெளக்கெண்ண வுட்டுகினுதான் படுக்குறேன். எட்டு மாசமா கொறையல."

"எட்டு மாசமா? அறிவு கீதாடா? வா, ஸ்கேன் பாக்கணும்."

"அந்தம்மா பாக்குறதுன்னா நான் செத்தே போறேன் பாய்!"

கதவுக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா குரல் வந்தது. "தாராளமா. போஸ்ட்மார்ட்டத்துக்கும் லேடி டாக்டர் வந்தா என்னா பண்ணுவ?"

 பிறகு முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு போய்ப் படுத்தான்.

கட்டிதான். ரத்தம் எடுத்து அனுப்பினோம். லேபிலிருந்து போன். "பாய், சாம்பிள் மாறிப்போச்சா? பொம்பள மாசமா கீறப்போ ஏறுற ஹார்மோன் இதுல எக்கச்சக்கமா கீது!"

மாறவில்லை. இது ஜெர்ம் செல் கட்டி என்கிற அபூர்வமான புற்றுநோய். விதையில் முளைத்து, அந்த ஹார்மோனையும் சுரந்துகொண்டு, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்விடும். "பரவினாலும் மருந்துக்குக் கேக்குற ரகம். இன்னிக்கே சென்னைக்கு ரயில் ஏறு" என்று டாக்டரம்மா விரட்டினார்.

அங்கே விதையை எடுத்துவிட்டு கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டிவிட்டது. ஊர் என்ன கேட்குமோ என்று பயந்துகொண்டே திரும்பினான். திருத்தணியில் மொட்டையைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? "எப்பப்பா மலைக்குப் போன? பிரசாதம் எங்க?" என்றுதான் கேட்டார்கள். இவனும் ஆங், ஆங் என்று தலையாட்டியிருக்கிறான்.

ஒன்றரை வருடம் கழித்து செக்கப் படத்துக்கு வந்தான். மறுபடியும் மொட்டை! 

"திரும்ப வந்துடுச்சாடா?"

"இல்ல பாய். முடியெல்லாம் நல்லா மொளைச்சுது. முருகன் பேர்ல ஊருக்கே பொய் சொன்னேன் இல்ல? அத்த நெசமாக்கிட்டு வந்தேன்."

படம் சுத்தமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்காக அவன் மொட்டையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த உருண்டைகளைப் பார்த்ததுமே விதையில் கட்டி இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. ஒரு பெண் டாக்டர் எதிரில் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வராமல் படத்தை மட்டும் நீட்டிவிட்டு நின்றேன். அந்தம்மா கேட்டார், பையன் பிழைத்தான். நீங்கள் கேட்டுவிடுங்கள். கூச்சமெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பட்டுக்கொள்ளலாம்.