பின்வாசலில் நின்றவர்

எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தெருவில் ஓடினால், எங்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். உடம்புக்கு நல்லது என்று ஓடுகிறாள் என்பது யாருக்கும் கடைசியாகத்தான் தோன்றும். போன வருடம் மாலை நேரத்தில் நான் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, காரைக்குடியில் என் பக்கத்தில் வந்து நிற்காத ஸ்கூட்டர் இல்லை.

"எங்குட்டு ஆச்சி போகணும்? ஏறிக்கங்க, விட்டுர்றேன்."

சும்மாதான் ஓடுகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். "சும்மா எதுக்கு ஓடுறீக? நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்பார்கள். நான் கூச்சப்படுவதாக நினைத்து இன்னும் கொஞ்சம் வற்புறுத்துவார்கள். புதுவயல் ஆலைக்கு நெல் ஏற்றிப் போன லாரி ஒன்றுகூட ஒருநாள் எனக்காக வேகத்தைக் குறைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபப்பட்டால் மூச்சு வாங்கும் என்பதால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அதற்கு முன்பும் நான் ஓடியவள்தான். விடிவதற்குள் இருட்டோடு இருட்டாக ஓடிவிட்டு வந்துவிடுவேன். பார்க்க ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. அதுவே ஒருநாள் வினையாகப் போயிற்று. நெஞ்சைப் பிசைந்துகொண்டு வந்து சாலையோரம் விழுந்தவளை வெகுநேரம் யாரும் பார்க்கவில்லை. பால் எடுத்துக்கொண்டு போன ஒருவர் பார்த்து, என் கணவருக்குப் போன் செய்திருக்கிறார். மதுரைக்குக் கொண்டுபோய் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் பாதி நேரம் நினைவில்லாமல் கிடந்தேன். அத்தனையையும் விழித்திருந்து பார்த்தவர் அவர்தான்.

சில மாதம் கழித்து, நன்றாக நடக்கலாம், நடக்க வந்துவிட்டால் நடுநடுவே மெல்ல ஓடவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். ஓடும்போதே பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருளாம். எனக்கு வாயெல்லாம் பல்.

என் கணவர் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஓடாம இருந்தா ஏதும் ஆகுமா?"

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. காரில் திரும்பும்போது, திருப்பத்தூர் தாண்டியதும் தன் நிபந்தனையைச் சொன்னார். "காலையில வேணாம். சாயந்தரம் போ. ஆள் நடமாட்டம் இருக்கும், விழுந்தாத் தூக்க நாலு பேரு வருவாக. நானும் கூட வாரேன்." ஸ்கூட்டர்காரர்களின் அன்பில் நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

அவரோடு நடப்பது ஒரு தனிக் கலை. பத்தடிக்கு ஒரு தெரிந்தவர் எதிர்ப்படுவார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த ஊரில் தெரியாத முகம் ஏது? நலம் விசாரிப்பதற்குள் எனக்கு வந்த வியர்வை காய்ந்துபோகும். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக அந்த நடை பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருணிக் கரையில் காற்று வரும். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளில் கத்திக்கொண்டு போவார்கள். பலகாரக் கடையில் எண்ணெய் காயும் வாசனை தெருமுனை வரை வரும். எனக்கு அது கூடாது. அதனால் அவரும் அதைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். நான் பார்க்காதபோது திரும்பிப் பார்ப்பார்.

மெல்ல ஓட ஆரம்பித்தபோது தகராறு வந்தது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவேன். பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரும் வருவார். அவருக்கு முழங்கால் வலி. ஒரு வாரத்தில் நொண்ட ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல இருங்க. நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தாச் சரி. படலைன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது."

வழியைச் சொன்னது எங்கள் வீடுதான். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கும் இருப்பதுபோல, இதற்கும் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று நீண்டுகொண்டே போகும். பங்காளிகளின் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறப்பார்கள். மற்ற நாளில் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் முன்வாசலில் கிளம்பித் தெருமுனை திரும்பிப் பின்தெருவுக்கு வருவதற்குள், அவர் வீட்டுக்குள்ளேயே நேராக நடந்து பின்கதவைத் திறந்துகொண்டு நிற்பார். நான் கடந்து போனதும் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி அத்தனை கட்டுகளையும் தாண்டி முன்வாசலுக்கு வருவார். நான் ஓடிய நாளிலெல்லாம் அவரும் வீட்டுக்குள் ஒரு நடை நடந்தார் என்று சொல்லலாம்.

முதல் நாள் பின்வாசலில் அவர் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் போன். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தத் தயாராக இருந்திருப்பார் போல. "பேசு" என்றார். பேச முடிகிறதா என்று பார்க்கிறாராம். "போய்க் குழம்பை இறக்கி வைங்க" என்றேன். முகம் தெளிந்தது.

வெளியே வீம்பாகப் பேசினாலும் எனக்குள்ளும் பயம் இருந்தது. முதல் திருப்பத்தில் நெஞ்சில் எது துடித்தாலும் வேகத்தைக் குறைத்து அதையே கவனிப்பேன். இது ஓட்டத்தின் துடிப்பா, அந்தத் துடிப்பா? பின்தெருவில் அந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தால்தான் மூச்சு சீராகும். அவரை எவ்வளவு திட்டினாலும், அந்தக் கதவைக் குறிவைத்துத்தான் ஓடினேன்.

ஒருநாள் தெருமுனையில் தெரிந்த பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு மகளுக்கு வரன் அமைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதிக் கதையில் என் கணவர் பின்தெரு வழியாக வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் நின்று சுவரில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. "வா போகலாம்" என்றார். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்கு ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள், இவருக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வழியில் யாரிடமும் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று இரண்டானது. நடுவில் நடக்கும் தூரம் குறைந்தது. சொம்பு போயிற்று, பிறகு போனும் போயிற்று. வெறுங்கையோடு வந்து நிற்க ஆரம்பித்தார். லிஃப்ட் கொடுப்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு மாலை. பகலெல்லாம் பெய்த மழை விட்டு, தெரு குளிர்ந்து கிடந்தது. கால் தானாகப் போயிற்று. அன்று ஒரு திருப்பத்தில்கூட நெஞ்சைக் கவனிக்கவில்லை என்பது பின்தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சந்தோஷத்தோடு தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், பின்கதவு சாத்தியிருக்கிறது.

தட்டினேன். அந்தக் கதவின் கனத்துக்கு என் தட்டு எங்கே கேட்கும்? கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. கிணற்றடியில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், வழுக்கும். அங்கே விழுந்து கிடக்கிறாரோ? இரண்டாம் கட்டு இருட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரோ? எனக்கு வந்தது அவருக்கு வராது என்று யார் சொன்னது?

ஓடினேன். அந்த ஒரு வருடத்தில் ஓடாத ஓட்டம். எதிரில் பைக்கில் வந்தவர் "என்ன ஆச்சி, என்ன ஆச்சு?" என்று கத்தியதற்குப் பதில் சொல்லவில்லை. மழைத் தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு முன்தெருவுக்கு வந்து படியேறினேன்.

முகப்பில் எதிர்வீட்டு நண்பரோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் பலகாரக் கடைப் பொட்டலம், அதில் சூடாகப் பொரித்த மசாலாச் சீயம். பிள்ளையார்பட்டிக்குப் போக எந்த வழி பக்கம் என்பதில் இருவருக்கும் ஏதோ சண்டை. வாய் நிறையச் சீயத்தோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவர், படியில் இரைக்க இரைக்க நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, இன்னும் ஓடக் கெளம்பலையா?"

வாய் நிறைய வசவு வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை; நான் ஓடப் போனதே அவருக்கு நினைவில்லை. மதுரையிலிருந்து வந்த நாள் முதல் தூக்கத்தில்கூடக் கையை நீட்டி நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அன்று அந்தப் பயத்தையும் என்னையும் சேர்த்துச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

"இல்ல, இனிமேத்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, இன்னொரு சுற்று ஓடினேன்.