பிரேக் அக்காவும் நீளப் பாலமும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேல் காலை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். கைநடுங்கிகள், கத்துக்குட்டிகள் எல்லோரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அவளும் ஆசை ஆசையாக வாங்கிக்கொள்வாள்.

அவளிடம் படித்தவர்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பெட்ரோல் பங்க், நூலகம், ரயில் நிலையம் என்று எங்கெல்லாம் கழிப்பறை இருக்கிறதோ, அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்துவார்கள். "பார்க்கிங்தான்பா முக்கியம்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கி ஓடுவாள். சிறுநீர் முட்டினால் முட்டியதுதான், ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஒருமுறை சீட்டிலேயே ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்ததாகக் கதை கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தாள்.

பிழைப்பு இப்படியே ஓடியிருக்கும். ஆனால் லைசென்ஸ் தேர்வில் ஆற்றுப் பாலத்தையும் சேர்த்துத் தொலைத்தார்கள். நீளமான பாலம், நடுவில் நிறுத்த இடமில்லை, நெரிசல் வேறு. "பாலம் ஏத்தலைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்க்கா" என்றார் முதலாளி. வண்டியில் அந்த சீட்டும் போய்விட்டால் வீட்டில் சுவரோடா பேசுவது? அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் போனாள். வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரையைக் கொடுத்தார். அவசரம் சற்று அடங்கியது, ஆனால் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாளெல்லாம் பேசுகிறவளுக்கு அது சரிப்பட்டு வருமா? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். போன அவசரம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிட்டு அவளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். இளம்பெண். வலியா எரிச்சலா என்று கேட்டு முடித்ததும், நாள் முழுக்க எங்கெங்கே போகிறாள் என்று துருவ ஆரம்பித்தாள்.

"நிறுத்துற இடத்துல எல்லாம் முட்டித்தான் போறீங்களா?"

"இல்லம்மா. எதுக்கும் இருக்கட்டும்னு போயிட்டு வந்துடுவேன்."

"அதுதான்க்கா வினை. கொஞ்சம் சேர்ந்தாலே போகணும்னு சிறுநீர்ப்பையை நீங்களே பழக்கி வெச்சிருக்கீங்க. அவசரம் வந்தா ஓடாதீங்க. உக்காந்தபடியே, அடக்குற தசையைச் சட்டு சட்டுன்னு இறுக்கி விடுங்க. தணிஞ்சதும் நடந்து போங்க."

"பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிற மாதிரியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. டிரைவிங் டெஸ்ட்ல எப்பவும் ஃபெயில் நான்."

"அப்ப நீங்க என்கிட்ட வாங்க" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிகிச்சையை அவள் போகும் பாதையிலேயே போட்டார்கள். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் தசைப் பயிற்சி. டீயைக் குறைத்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். முதலில் நூலகத்தில் நிறுத்தாமல் போகப் பழக வேண்டும், பிறகு ரயில் நிலையம். நூலகம் சுலபமாகப் போனது. ரயில் நிலையம் அவளைப் பாடாய்ப் படுத்தியது; இரண்டு முறை தோற்று, திட்டிக்கொண்டே இறங்கி ஓடினாள். மாணவர்கள் பாடு இன்னும் மோசம். நூலகத்தைக் கண்டாலே அவர்கள் கை தானாக வண்டியை ஓரம் கட்டியது.

பாலம் ஏறிய அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தது, சொன்னபடியே அக்காவிடம் ஓட்டக் கற்க வந்துவிட்ட பிசியோதான். நடுப்பாலத்தில் நெரிசல், வண்டி அணைந்துபோனது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அப்போது பார்த்துத்தான் அக்காவுக்கு முட்டியது. செத்தோம் என்று நினைத்தாள். அசையாமல் உட்கார்ந்து, இறுக்கி விட்டாள், மறுபடி இறுக்கி விட்டாள்.

"ஐயோ அக்கா, மறுபடியும் ஆஃப் ஆகுதே!"

"ஆகட்டுமே. யாரும் நம்மளைத் தூக்கி ஆத்துல போட்டுட மாட்டாங்க. கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா."

வண்டி நகர்ந்தது. பேச்சு மும்முரத்தில், முட்டியது எப்போது அடங்கியது என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

பாலம் இறங்கியதும் பிசியோவுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. "அக்கா, பக்கத்துல பாத்ரூம் இருக்கா? எனக்குத் தாங்கல."

"என்கிட்டயா கேக்குறீங்க? அந்த பங்க்ல ஓரம் கட்டுங்க."

பிசியோ கதவைத் திறந்துகொண்டே, "நீங்க வரலையா?" என்றாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்று அக்காவுக்கு உறைத்தது. எத்தனை வருடமாயிற்று இப்படிச் சொல்லி! பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிக் கத்தினாள்.

"அம்மா தாயே, ஹேண்ட் பிரேக் போடாம இறங்கிட்டீங்களே!"