மாமி எடுக்காத அப்பம்

என் மாமியின் வேத வகுப்பில் யாரும் சும்மா இருந்துவிட்டு எழும்பிப் போக முடியாது. மாமி என்றால் என் கணவரின் தாய், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். புதன்கிழமை பின்னேரங்களில் கல்முனையில் எங்கள் வீட்டு ஹோலில் பாய் விரித்துச் சபைப் பெண்கள் கூடுவோம். ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார்.

"விளங்கினது போதும். இந்தக் கிழமை நீ என்ன செய்யப்போறாய்?"

அடுத்த புதன் வந்தால் முதல் கேள்வியே செய்தாயா என்பதுதான். செய்யாதவளுக்கும் பிளேன்ரீ கிடைக்கும், நிம்மதியாகக் குடிக்கத்தான் முடியாது. பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளைகளுக்குப் பதிலாக எங்களைப் பிடித்துக்கொண்டார் என்று கணவரிடம் புறுபுறுப்பேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வேலிச் சண்டையில் வருசக்கணக்காகக் கதைக்காமல் இருந்தவள், அந்தப் பாயிலிருந்து எழும்பித்தான் பக்கத்து வளவுக்குப் போனாள். நான் என் வாயைக் கொஞ்சமாவது அடக்கப் பழகியதும் அங்கேதான்.

மாமியிடம் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஏன் கேட்கக்கூடாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாமிக்கு ஒரு மகள் இருக்கிறாள். என் மச்சாள். மருதமுனையில் ஒரு முஸ்லிம் பொடியனைக் கலியாணம் முடித்து, மார்க்கம் மாறிப் போனவள். போன அன்றே மாமி சுவரிலிருந்த அவளின் படத்தைக் கழற்றினார். பெற்றவளின் கோபம் என்று அதை நான் விளங்கிக்கொண்டேன். பிறகு நடந்ததுதான் விளங்கவேயில்லை. மச்சாளின் மகன், அப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளை, காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். காலையில் தகவல் வந்தது. நம்மைப் போல அவர்கள் நாட்கணக்கில் வைத்திருப்பதில்லை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். நானும் கணவரும் ஓடினோம். மாமி வரவில்லை. அன்று புதன்கிழமை. நாங்கள் திரும்பி வந்தபோது ஹோலில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேரனின் முகத்தை மாமி ஒருமுறைகூடக் கண்டதில்லை.

இப்படி இருக்கையில்தான், வினாயகபுரத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த ஒரு புதுப்பெண் வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. அன்று வாசித்தது, காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், தன்மேல் ஒருவருக்கு மனக்குறை இருப்பது அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்ற பகுதி. மாமி எல்லாரையும் கேட்டு முடித்தார். புதுப்பெண் வெள்ளை மனதோடு சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க என்ன செய்யப்போறீங்க டீச்சர்?"

மாமி கண்ணாடியைப் போட்டு அதே பகுதியைத் திரும்பவும் மனதுக்குள் வாசித்தார். பிறகு ஜெபம் பண்ணி வகுப்பை முடித்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அப்பம் எடுக்கும் நாளில் மாமி காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் வருவார். பீடத்துக்கு முன்னால் மாமிக்குப் பக்கத்தில் நானும் முழங்காலில் நின்றேன். போதகர் அப்பத்தோடு மாமிக்கு நேரே வந்தார். மாமி நீட்டியிருந்த கைகளை மூடிக்கொண்டார்.

"ஏலாம இருக்கா டீச்சர்?" என்று போதகர் குனிந்து கேட்டார்.

"இல்ல ஐயா. எனக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்."

எழும்பி, நடுவால் நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். பாட்டுப் பாடியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பின்னால் ஓடினேன். ஓட்டோவில் ஏறி, "மருதமுனைக்கு" என்று மாமி சொன்னதும் நானும் தொற்றி ஏறிக்கொண்டேன்.

"ஆராதனை முடிஞ்சு போயிருக்கலாமே மாமி."

"முடிஞ்சிருந்தா வீட்டுக்குத்தான் போயிருப்பன்."

மச்சாள் கதவைத் திறந்தாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் மாமி சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

"உன்ட பிள்ளை மௌத்தான அண்டைக்கு நான் வரல்ல. ஏலாம இல்ல, வேணுமெண்டுதான் வரல்ல. அது பாவம். என்னை மன்னிக்கவேணும் மகள்."

மாமியின் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்துச் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன். தாய் திருவிருந்துக்கென்று கட்டும் வெள்ளைச் சேலையை மச்சாள் மேலும் கீழும் பார்த்தாள். அதே தேவாலயத்தில் வளர்ந்தவள், அதே பகுதியைப் படித்தவள்.

"இண்டைக்குத் திருவிருந்தா?"

"ஓம்."

"எடுக்கல்லயா?"

"இல்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. "நான் மன்னிச்சாத்தானே உங்களுக்கு அப்பம்? அதுக்குத்தானே வந்தீங்க. எனக்காக வரல்ல. அவனுக்காகவும் வரல்ல."

மாமி யாருக்கும் சொல்லால் தோற்றவர் அல்ல. சுடச்சுடப் பதில் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுக்குத்தான் வந்தனான்," என்றார் மாமி. "நீ சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குது. நீ மன்னிக்கும்வரைக்கும் நான் எடுக்கல்ல. நான் எடுக்கவேணும் எண்டதுக்காக நீ மன்னிக்கவும் வேணாம்."

"அப்ப மௌத்தாகும்வரைக்கும் எடுக்க ஏலாமப் போகும்."

"போகட்டும்."

மச்சாள் கதவைச் சாத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் விலகி வழிவிட்டாள். "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேணாம். உள்ள வாங்க." உள்ளே போய் அமர்ந்த மாமி, பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவன் எப்படி நடப்பான், எதைச் சாப்பிடுவான், தூங்க வைப்பது யார் என்று கேட்டுக்கேட்டு அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வகுப்பை மாமி நடத்துவதில்லை. நாங்கள் மாறிமாறி நடத்துகிறோம். அவரும் பாயில் எங்களோடு இருந்து, என்ன செய்யப்போகிறேன் என்று தன் முறை வரும்போது சொல்கிறார். மருதமுனைக்கு அடிக்கடி போய் வருகிறார். மச்சாள் தேத்தண்ணி கொடுக்கிறாள், கதைக்கிறாள், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்வதில்லை. ஆண்டவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று போதகர் வீடு தேடி வந்து சொல்லியும் பார்த்தார்.

"அவர் மன்னிச்சிருப்பார் ஐயா. அவள் இன்னும் மன்னிக்கல்லயே," என்றார் மாமி.

திருவிருந்து ஞாயிறுகளில் நாங்கள் எல்லாரும் பீடத்துக்குப் போக, மாமி மட்டும் எழும்பாமல் வாங்கிலேயே இருக்கிறார். அன்று பின்னேரம் மச்சாள் எனக்கு ஃபோன் எடுப்பாள். "அம்மா எடுத்தாவா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் வைத்துவிடுவாள்.

போன மாதம் அவள் வைக்கவில்லை.

"திருவிருந்து அண்டைக்கு வெறுவயித்தோடதானே சேர்ச்சுக்குப் போறவ," என்றாள். "அம்மாக்குப் பசிக்கும் மச்சி."