மூன்றாவது மைக்கின் இரைச்சல்

1. கை தட்டிப் பார்த்த இடம்

சேலம் அம்மாபேட்டையில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தேர்தல் ஆட்டோ அறிவிப்பு, கோழித்தீவன விளம்பரம், கும்பாபிஷேகப் பாட்டு ஆகியவை என் கலைச்சேவை. வீட்டில் நான் மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்பது தொழில் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கோழித்தீவனக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பெங்களூரிலிருந்து வயலின் கலைஞர் ரேவதி போன் செய்தார்.

"நாலு பேர் வாசிக்கிற குவார்டெட் சார். எழுதினவரை அவர் ஊர்லயே மறந்துட்டாங்க. இதுவரை யாரும் ரெக்கார்ட் பண்ணலை. ஸ்டுடியோ வேண்டாம், நல்லா எதிரொலிக்கிற காலி இடம் வேணும்."

மல்லசமுத்திரம் பக்கத்தில், எனக்குத் தெரிந்த நல்லப்பன் அண்ணனின் மஞ்சள் மூட்டை அடுக்கும் குடோன் காலியாகக் கிடந்தது. நடுவில் நின்று கை தட்டினேன். ஓசை கூரைக்குப் போய், யோசித்து, மெதுவாக இறங்கி வந்தது. சொக்கிப்போனேன். கூரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ரெக்கார்டிங் அன்று காரை விட்டு இறங்கியதும் செல்லோ என்ற, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலினை வாசிக்கும் ஜார்ஜ் கேட்டார்: "இங்க குளவி, தேனீ ஏதும் இருக்கா சார்?" ஒருமுறை ஒரே ஒரு குளவி கொட்டி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தவர். அதற்கான ஊசியைக் கறுப்புப் பை ஒன்றில் கூடவே வைத்திருந்தார். அதெல்லாம் இல்லை என்று தைரியம் சொன்னேன். மைக் பக்கத்தில் பை, போன் எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். பை காரிலேயே இருந்துவிட்டது.

2. எர்த் சரியில்லை

நான்கு மைக் வைத்தேன். மூன்றாவது மைக், குடோனின் எதிரொலியைப் பிடிக்க. ஜார்ஜின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டாண்டை முழுக்க ஏற்றி நிறுத்தினேன். கண் ஸ்டாண்டின் திருகிலேயே இருந்தது.

"ஏனுங்க, கொடி ஏத்தப் போறீங்களா?" என்றார் நல்லப்பன் அண்ணன்.

பக்கத்து ஆபீஸ் ரூமில் ஹெட்போனை மாட்டினேன். மூன்றாவது மைக்கில் மட்டும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எங்கள் பக்கத்து சவுண்டுக்காரர்களுக்கு இரைச்சல் என்றால் ஒரே வியாதிதான்: எர்த் சரியில்லை. கேபிளை மாற்றினேன். அண்ணன் எர்த் குழியில் ஒரு குடம் உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார்.

"இப்ப எப்படிங்க?"

"கொறைஞ்ச மாதிரி இருக்குங்கண்ணா."

குறையவில்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். அப்போதும் இரைந்தது. இது கரண்ட் கோளாறு அல்ல என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். மிக்ஸிங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்று டேக்கை ஆரம்பித்துவிட்டேன்.

மெதுவான பகுதி. செல்லோ முன்னால் வந்து பாடியது. கரண்ட் இரைச்சல் ஒரே சுருதியில் நிற்கும். இது செல்லோ உரத்தால் ஏறியது, தணிந்தால் இறங்கியது. மின்சாரத்துக்கு அவ்வளவு சங்கீத ஞானம் கிடையாது.

கண்ணாடி ஜன்னல் வழியே மைக்கின் உச்சியைப் பார்த்தேன். ஒரு சாண் மேலே, வெண்டிலேட்டரை ஒட்டிய இரும்பு விட்டத்தில், ஒரு சாக்கு தொங்கியது. சாக்கின் மேல்தோல் நெளிந்தது.

"சாமி, மலைத்தேனீங்க," என்றார் அண்ணன், காதருகில். "போன மாசம் இல்லீங்களே. ஒண்ணு கொட்டுச்சுன்னா மொத்தமும் எறங்கிரும்."

ஜார்ஜுக்கு மொத்தமும் தேவையில்லை. ஒன்றே போதும். ரேவதி கொடுத்த நோட்ஸில் அடுத்த பக்கம் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தது: 'நாலு பேரும் முழு சத்தம், லெவல் பாத்துக்கங்க.' ஸ்பீக்கரில் கூப்பிடலாம் என்றால், பட்டனைத் தொட்டதும் 'டொக்' என்று அதிரும்; தேனீக்கள் கலைந்துவிடும்.

"அண்ணா, காருல கறுப்புப் பை இருக்கு. எடுத்துட்டு வாசல்ல நில்லுங்க."

"சாவிங்க?"

"ஜார்ஜ் பாக்கெட்டுல."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். டேக் ஓடும்போது உள்ளே நுழைவது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். ரேவதி முறைத்தார். உதட்டில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் மேலே காட்டினேன். அவருடைய வில் காற்றில் நின்றது. மற்ற இருவரும் நிறுத்தினார்கள். கண்ணை மூடியிருந்த ஜார்ஜ் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டே போனார். பிறகு கண்ணைத் திறந்தார்.

இசை நின்றும் அடங்காமல், இரைச்சல் இப்போது வெறுங்காதுக்கே கேட்டது.

"என்ன சார், எர்த்தா?" என்றார் ஜார்ஜ், தாழ்ந்த குரலில்.

"ஆமா. சரி பண்ணணும். மெதுவா வெளிய வாங்க."

எழுந்தார். செல்லோவைத் தரையில் ஊன்றும் இரும்புக் கம்பி சிமெண்டில் 'கிரீச்' என்று இழுத்தது. மேலே அந்தத் தேன்கூட்டின் தோலில் ஓர் அலை, மேலிருந்து கீழாக ஓடி அடங்கியது. என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஜார்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு அவருக்குக் கால் வரவில்லை.

ஒரு கையில் செல்லோவின் கழுத்தையும் மறு கையில் அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டேன். "தரையைப் பாருங்க. மேல வேண்டாம்."

மற்ற மூவரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். வாசலிலிருந்து அண்ணன், மிரண்ட கன்றுக்குட்டியை அழைக்கும் குரலில், "வாங்க சாமி, ஒவ்வொரு காலா எடுத்து வெய்யுங்க. கைய மட்டும் வீசீராதீங்க," என்றார்.

ஒரு தேனீ இறங்கி வந்து ஜார்ஜின் சட்டைக் கையில் உட்கார்ந்தது. மணிக்கட்டை நோக்கி நடந்தது. அவர் மூச்சு விடுவதை நிறுத்தினார். நானும் துணைக்கு நிறுத்தினேன். நடந்தோம். சட்டை முடிந்து தோல் தொடங்கும் இடத்தில் அது நின்றது. வாசல் வெயில் மேலே பட்டதும் எழுந்து உள்ளேயே திரும்பிப் போனது.

ஜார்ஜ் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சாவியை எடுத்துக் கொடுத்தார். ரேவதி காரைத் திறந்து பையைக் கொண்டுவந்தார். ஜார்ஜ் ஊசியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நிறுத்தின இடம் வரைக்கும் நல்லா வந்துதா சார்?" என்றார்.

வந்திருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. சேலத்தில் ஒரு பள்ளி ஹாலில் முதலிலிருந்து பதிவு செய்தோம். அந்த ஹாலின் ஒலி சுமார்தான். எல்லோரும் உயிரோடு வாசித்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை யாரையும் அதன் கீழே உட்காரவைக்காதீர்கள். காரணம் தெரியாததால் நான் தவறு செய்யவில்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்ததால் செய்தேன். கொஞ்சம் முன்னதாகப் பயந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.