இன்டர்கூலருக்கு முன்னால் மாமா

எங்கள் ஊரில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கல்யாணம் என்றாலும் ஃப்ளெக்ஸ். பத்தாவது பாஸான பையனுக்குக்கூட, அவனைவிடப் பெரிதாக நாலு பெரிய மனிதர்களின் தலையைப் போட்டுத் தெருமுனையில் கட்டிவிடுவார்கள். ஆகவே என் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு அவன் கூட்டாளிகள் ஃப்ளெக்ஸ் அடித்ததில் எனக்கு வியப்பில்லை. அதைக் கொண்டுபோய்ப் புதுக் காரின் மூக்கில் கட்டினார்களே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தம்பியின் கார் டர்போ பெட்ரோல். வாங்கியதிலிருந்து ‘டர்போ’ என்று அவன் சொல்லாத நாள் இல்லை. அது என்ன செய்யும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். டர்போ எஞ்சினுக்குள் போகும் காற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தால் எங்கள் வீட்டில் நடந்த ஒரே காரியம், கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடியதுதான்.

ஃப்ளெக்ஸின் இரண்டு ஓரங்களிலும் தம்பியும் பொண்ணும் தபால்தலை அளவில் இருந்தார்கள். நடுவில் எங்கள் தாய்மாமன், கறுப்புக் கண்ணாடியோடு, கிரில்லை முழுக்க மறைத்துக்கொண்டு சிரித்தார். அவர் மீசைக்கு நேர் பின்னால்தான் இன்டர்கூலர். டர்போ அமுக்கும்போது காற்று சூடாகிவிடும். அதை ஆறவைத்து எஞ்சினுக்கு அனுப்புவது இன்டர்கூலரின் வேலை. ஆறவைக்க வெளிக்காற்று வேண்டும். கே.கே. நகரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொன்னேன்.

“காத்து போகாது மாமா. கழட்டிருவோம்.”

“என்னயக் கழட்டிப்புட்டு என் மருமகனுக்கு நிச்சயமா? வண்டில ஏறுத்தா, நேரமாச்சு” என்றார்.

நேரம்தான் அன்றைக்கு எல்லாமே. தம்பியும் அந்தப் பெண்ணும் தாங்களாகவே ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்கள். வருடக்கணக்கில் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். பேரையூரில் பொண்ணின் சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. ‘வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி தட்டு மாத்தணும். இல்லைன்னா இன்னொரு நாள் பாப்போம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரை என் கணவர் ஓட்டினார், பக்கத்தில் தம்பி, பின்னால் மாமாவும் நானும் சீர்த்தட்டுகளும்.

திருமங்கலம் தாண்டியதும் கார் சோர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முனகியது. ஏ.சி. தானாக நின்றது. காற்று சூடேறினால் எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டி எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும், காற்றுக் கதவைச் சற்று மூடும், நாம் எவ்வளவு மிதித்தாலும் கேட்காது. அந்த வண்டியில் புத்தியோடு நடந்துகொண்டது அந்தப் பெட்டி ஒன்றுதான். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்தியது. அதன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து மாமாவின் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

“பெட்ரோல்ல தண்ணியக் கலந்துட்டான் மாப்ள” என்றார் மாமா. என் கணவர் ஆமாம் போட்டார். பிறகு மாமா, கண் பட்டுவிட்டது என்று வண்டியை நிறுத்தச் சொல்லி, எலுமிச்சம்பழம் சுற்றினார். “மாமா, காத்துதான்” என்று தொடங்கினேன்.

“ஒனக்கு எஞ்சினப் பத்தி என்னாத்தா தெரியும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டைக் கடித்து அழுகையை அடக்குகிறான் என்று தெரிந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

பூ நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலோடு இறங்கினேன். நைலான் கயிற்றை பம்பருக்கு அடியில் எங்கெங்கோ முடிந்திருந்தார்கள்; அவிழ்க்க நேரமில்லை. மாமாவின் தலையை, கழுத்திலிருந்து கிராப்பு வரை, சதுரமாக வெட்டி எடுத்தேன். பானெட்டைத் திறந்து கொஞ்சம் ஆறவிட்டுக் கிளப்பினோம். கல்லுப்பட்டிக்கு முன்பே அந்த டிராக்டரைப் பிடித்துவிட்டோம்.

பேரையூரில் மாமா வண்டியை விட்டு இறங்க மறுத்தார்.

“தலையில்லாத மாமன் எதுக்கு? நீங்களே தட்ட மாத்திக்கங்க.”

தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் தட்டு நகராது. வாசலில் பொண்ணின் சித்தப்பா மணி பார்த்தபடி நின்றார். நேரம் தவறிவிடும் என்று முகத்தில் அப்படியொரு நிம்மதி. தம்பி என்னைப் பார்த்தான். மாமாக்களைக் கட்டுப்படுத்துவதற்குப் பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

“நீங்க வழி விட்டதாலதான் மாமா வண்டி வந்துச்சு. வேற யாரு மூஞ்சியா இருந்தாலும் வெட்ட விட்டிருப்பாகளா?”

மாமா மீசையைத் தடவினார். இறங்கினார்.

ராகுகாலம் பிறப்பதற்குச் சற்று முன்னால் தட்டு மாறியது. தம்பி சிரித்ததைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பந்தியில் மாமாவின் குரல்தான் ஓங்கியிருந்தது. “மருமகன் பெருசா, என் படம் பெருசா? வெட்டுங்கடான்னேன்.” என் கணவர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். பாயசம் எனக்கு இனிக்கவே இல்லை.

கை கழுவும் இடத்தில் பொண்ணு வந்து பக்கத்தில் நின்றாள்.

“மதினி, கார் ஃப்ளெக்ஸ்ல அந்த ஓட்டைய உங்க மாமாதான் வெட்டச் சொன்னாகளாமே?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் இந்தப் பெண் நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வாழ வரப்போகிறவள்.

“இல்லம்மா, யாரும் சொல்லல. நான்தான் வெட்டுனேன்” என்றேன், பந்திக்குக் கேட்கும்படி.