அக்காவுக்குத் தெரியக் கூடாது

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் நர்ஸிங் படிக்கும் பெண்கள், அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். நான் பெரிய வாத்தியார் இல்லை. கோபம் மட்டும் பெரிய வாத்தியார் அளவுக்கு வரும்.

அதிகம் கோபம் வருவது ஒரு விஷயத்துக்கு. ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரில் எல்லோரும் 'கேம் டு நோ' என்பதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். பஸ் நேரம் தெரிந்தாலும் கேம் டு நோ, பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போனது தெரிந்தாலும் கேம் டு நோ. அதற்காகவே தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறேன். தொலைந்த சாவி கிடைத்தால் அது ஃபைண்ட். பஸ் எத்தனை மணிக்கு என்று நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஃபைண்ட் அவுட். யாராவது வந்து ஒரு சேதியைச் சொல்லித் தெரிந்தால் லேர்ன், அது பள்ளிக்கூடப் படிப்புக்கு மட்டும் ஆன வார்த்தை இல்லை. கண்ணெதிரே இருந்தது ஒரு நாள் சுருக்கென்று உறைத்தால் ரியலைஸ். 'கம் டு நோ' தப்பே இல்லை, ஆனால் அது ஒரு ஆளைப் பழகப் பழக மெல்லத் தெரிந்துகொள்வதற்கு, பஸ் நேரத்துக்கு அல்ல.

போன ஆவணியில் ஒரு நாள் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது என் அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படிக்க வரவில்லை. அவளுக்கு அடிவயிற்றில் வலி என்று ஆஸ்பத்திரியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டை அன்று காலை நான் போய் வாங்கி வந்திருந்தேன். என்ன சேதி என்று கேட்க அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தாள்.

ரிப்போர்ட் என் டிராயரில் இருந்தது. அதில் இருந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவனாக இருந்திருக்கலாம் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாடத்தை முடித்தேன்.

பிள்ளைகள் போனதும் அக்கா சிரித்தாள். "தெரியறதுக்கு இத்தினி வார்த்தையாடா? நம்மளுக்கு ஒண்ணு வெச்சிக்கினே காலம் ஓடிடுச்சே."

"அது அப்படித்தான்க்கா."

"சரி, ரிப்போர்ட்டுல இன்னா போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்ல. சின்னக் கட்டி. ஊசி போட்டா கரைஞ்சிடும்னு போட்டிருக்கான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, பெட்டிக்கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் இது பெரிய குற்றம் இல்லை. நோயாளிக்குச் சொல்ல மாட்டோம். கூட வந்த ஆம்பளையைத்தான் டாக்டர் தனியாக உள்ளே கூப்பிடுவார். தெரிந்தால் அந்த ஆள் அன்றைக்கே பாதி செத்துவிடுவார் என்று நம்புகிற ஜனங்கள் நாங்கள். நானும் நம்பினேன். ஊசி போட என்று அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் எல்லாம் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும்தான் டாக்டரைப் பார்த்தேன். அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கிரிவலப் பாதையில் ஒரு பெட்டிக்கடை, கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக ஒரே மகன், நான், இவ்வளவுதான் அவள் உலகம்.

மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடி வருவான். திடீரென்று அவன் வந்து நின்றால் அக்காவுக்கு விஷயம் விளங்கிவிடும். எப்படியும் தையில் லீவுக்கு வருகிறான், அதுவரை ஓட்டிவிடலாம் என்று நானே கணக்குப் போட்டேன். அக்காவும் வாய்க்கு வாய், "தைக்கு வரான் இல்ல, புள்ளய ஒரு தடவ பாத்துட்டா போதும்டா" என்பாள். 

ஐப்பசியில் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "மகன் இருந்தா வரச்சொல்லிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். தீபாவளி போகட்டும் என்றேன். அப்புறம் தீபம் முடியட்டும் என்றேன். தீபத்துக்கு ஊரே கொள்ளாத ஜனம், பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், இந்த நெரிசலில் அவன் எப்படி வருவான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், அவனைக் கூப்பிட்டால், அக்கா சாகப்போகிறாள் என்பதை என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான். என்னால் முடியவில்லை.

மார்கழி பிறந்த நாலாம் நாள், காலையில் காபி கேட்டாள். நான் ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

அப்போதும் அவனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவனிடம் செத்துப்போன சேதியைச் சொல்லக் கூடாது, வழியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும். "அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது, கெளம்பி வாப்பா" என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அம்மாவைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவனும் மட்டும் பூட்டிக் கிடந்த கடைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ரோட்டில் யாரோ ரெண்டு பேர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?" என்றான்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "ஆவணில."

"அம்மாவுக்கு?"

"தெரியாதுடா. கடைசி வரைக்கும் தெரியாது. அவளுக்குனு நான் செஞ்சது அது ஒண்ணுதான்." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவன் என் பக்கம் திரும்பினான். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. புரட்டாசிலயே எனக்கு போன் பண்ணி சொன்னாங்க. டாக்டர் உங்கள மட்டும் உள்ள கூப்பிடுவாரு இல்ல, அப்ப அம்மா வெளிய குந்தினு இருந்த எடத்துல, சுவத்துலயே பெருசா போட்டிருந்துச்சாம். புற்றுநோய்ப் பிரிவுனு. தமிழ்லதான் மாமா போட்டிருந்துச்சு. அம்மாவுக்குப் படிக்க வராதா?"

எத்தனை தடவை அந்த வாசலில் நான்தான் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'உன் மாமன் எனக்குத் தெரியக் கூடாதுனு படாத பாடு படறான், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சிபூடுவான், நீயும் வாயத் தொறக்காத'னு அம்மா சொல்லிட்டாங்க."

எனக்குத் துக்கம் வர வேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சிக்கினு நீ ஏன்டா வரல?" என்று கத்திவிட்டேன். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லீவு சொல்லி வெச்சிருந்தேன் மாமா. அம்மாதான், 'டாக்டராண்ட பேசறது மாமாதான், அவருக்குத்தான் எல்லாம் புரியும். முடியாத கட்டம் வந்தா அவரே உன்னக் கூப்பிடுவாரு, அப்ப வா'னு சொன்னாங்க. நீங்க கூப்பிடல. அதனால இன்னும் டைம் இருக்குதுனு நெனச்சிக்கினேன்."

அவன் எழுந்து பந்தல்காரர்களுக்குக் கழி பிடிக்கப் போனான்.

அவன் என்னைக் கேட்காமலும் இல்லை. ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு போன் செய்து, அம்மா எப்படி இருக்காங்க மாமா என்று கேட்டான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான், "அம்மா நல்லா இருக்குதுடா, நீ உன் வேலையப் பாரு" என்று சொன்னேன்.