இஸ்திரிக்காரரின் இமைக் கட்டி

ஆஸ்பத்திரிச் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘மேல் இமையில் நாள்பட்ட கட்டி. நோயாளி அலட்சியமானவர். ஒத்தடம் முதலிய வீட்டுப் பராமரிப்பு எதையும் மேற்கொள்ளவில்லை.’ எழுதியவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஆயத்த ஆடைப் பட்டறையில் இஸ்திரி போடும் அவருக்கு ஒத்தடம்தான் இரண்டாவது தொழில். ஈரத்துணியை மடித்து, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஓர் இழுப்பு இழுத்து, தன் முழங்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் மூடிய கண்மேல் வைப்பார். பட்டறையில் யாருக்கு இமை வீங்கினாலும் அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சூட்டுக்குக் கரைந்துவிடும். பல, ஒன்றும் செய்யாமலேயே கரையும். இரண்டுக்குமான பெயர் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

அவருடைய கட்டி மட்டும் மசியவில்லை.

“டாக்டரே, ஊருக்கெல்லாம் கேக்குது, உங்க கண்ணுக்கு மட்டும் உங்க மேல மரியாதையே இல்லையே” என்றார் கட்டிங் மாஸ்டர்.

தெருமுனை கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். பிறகு கட்டியிலேயே ஊசி போட்டார்கள். கடைசியாக இமையைப் புரட்டி, கீறி, சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியது பஞ்சோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போனது. கட்டி இருந்த இடத்திலேயே திரும்பி வந்தது. மறுபடி சுரண்டல், மறுபடி கூடை. இந்தத் தடவை அந்த இடத்து இமைமயிரும் உதிர்ந்தது. சூடு அதிகமாகிவிட்டது என்று அவரே தீர்மானித்து, துணியைச் சற்று ஆறவிட்டு வைக்கத் தொடங்கினார். சரியான வைத்தியத்தைத் தப்பான நோய்க்கு இவ்வளவு சிரத்தையாகச் செய்தவர் இருக்கமாட்டார்.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒருவர் அந்தச் சீட்டை எழுதினார். பிறகு ஒரு பெண் டாக்டர் இமையைப் பார்த்துவிட்டு, அதுவரை யாரும் தொடாத இடத்தில், காதுக்கு முன்னால், அழுத்திப் பார்த்தார். கட்டியில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது விஷயம் எளிதாகவே இருந்தது: கட்டி வரும் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரும்; இது அதுதான். கண்ணுக்குப் பின்னால் பரவியிருந்தது. காதருகே நெறியும் கட்டியிருந்தது.

இமையோடு கண்ணையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“எடுத்துட்டா சரியாயிடுமாம்மா?” என்று மனைவி கேட்டார்.

“அப்படி என்னால சொல்ல முடியாது. எடுக்காம விட்டா வலியும் புண்ணும் சீக்கிரமே வரும். எடுத்தா, அதை வேணா கொஞ்சம் தள்ளிப்போடலாம்.”

இஸ்திரிக்காரர் கேட்டது வேறு. “மொதல்ல சுரண்டினதை இப்படி அனுப்பியிருந்தா?”

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். “அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

வெளியே நடையில் மனைவி சுவரைப் பார்த்து நின்றார். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்பதைத் தவிர அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

“எடுக்கட்டும் விடு. சட்டைச் சுருக்கம் பாக்க ஒத்தக் கண்ணு போதும்.”

கண்ணை எடுத்தார்கள். நெறி கழுத்துக்கு இறங்கியது. நிற்க முடிந்தவரை அவர் பட்டறைக்குப் போனார். இமை வீங்கி வந்தவர்களுக்கு ஒத்தடம் கொடுத்தார். கட்டி அதே இடத்தில் மறுபடி வந்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.